கவரேஜும் பிளே தேர்வும்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவரேஜ் என்று எதைச் சொல்கிறார்கள்?

தடுக்கும் அணியின் 11 பேரில் சிலர், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்கிறார்கள். மற்றவர்கள், பந்தைப் பிடிக்க ஓடுபவர்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு காவல் காக்கிறார்கள். இந்தப் பங்கீட்டுக்குத்தான் கவரேஜ் என்று பெயர். தாக்கும் அணியில், முன்வரிசையில் நின்று எதிராளிகளை மறிக்கும் ஐந்து லைன்மேன்களையும் குவார்ட்டர்பேக்கையும் கழித்துவிட்டால், பந்தைப் பிடிக்க ஓடக்கூடியவர்கள் ஐந்து பேர். நான்கு பேர் பாய்ந்தால் காவலுக்கு ஏழு பேர் மிஞ்சுவார்கள். ஐந்து பேருக்கு ஏழு காவலர்கள் என்பது தாராளமாகத் தோன்றலாம். ஆனால் மைதானத்தின் அகலம் 160 அடி. ஆழமும் சேர்ந்துகொள்ளும்போது எல்லா இடத்தையும் ஏழு பேரால் மூடிவிட முடியாது. ஆகவே எந்தக் கவரேஜாக இருந்தாலும் எங்கோ ஓர் இடத்தைத் தெரிந்தேதான் விட்டுக்கொடுக்கிறது. அந்த இடம் எது, பந்து அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும், அதுவரை லைன்மேன்கள் தாக்குப்பிடிப்பார்களா என்ற மூன்றையும் ஒருசேரக் கணக்கிட்டே பயிற்சியாளர் பிளேயை, அதாவது அடுத்த முயற்சிக்கான ஆட்டத் திட்டத்தை, தேர்ந்தெடுக்கிறார்.

கவர் 1, கவர் 2, கவர் 3 என்ற எண்கள் எதைக் குறிக்கின்றன?

பின்புறம் ஆழத்தில் காவல் நிற்பவர்களின் எண்ணிக்கையைக் குறிக்கின்றன. கவர் 0 என்றால் ஆழத்தில் எவரும் இல்லை. ஆளுக்கு ஆள் காவல் போட்டுவிட்டு மிஞ்சிய அனைவரும் குவார்ட்டர்பேக்கின் மேல் பாய்வார்கள். கவர் 1-இல் சேஃப்டி எனப்படும் பின்காவலர் ஒருவர் மட்டும் நடுவில் ஆழமாக நிற்க, மற்றவர்கள் ஆளுக்கு ஆள் காப்பார்கள். கவர் 2-இல் ஆழப்பகுதியை இரண்டு சேஃப்டிகள் பாதிப் பாதியாகவும், கவர் 3-இல் மூவர் மூன்று பங்காகவும், குவார்ட்டர்ஸ் எனப்படும் கவர் 4-இல் நால்வர் கால் கால் பங்காகவும் எடுத்துக்கொள்கிறார்கள். கவர் 6 என்பது ஆறு பேர் ஆழத்தில் நிற்பதல்ல. மைதானத்தின் ஒரு பாதியில் கவர் 4-ஐயும் மறுபாதியில் கவர் 2-ஐயும் ஆடுவதால் இரண்டையும் கூட்டி அப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள்.

இவற்றை ஆளைக் காக்கும் மேன் கவரேஜ், இடத்தைக் காக்கும் ஸோன் கவரேஜ் என்று இரு குடும்பங்களாகப் பிரிக்கலாம். மேன் கவரேஜில் காவலரின் கண், பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் மேல் இருக்கும். ஸோனில் கண் குவார்ட்டர்பேக் மேல் இருக்கும். பிளே தேர்வு பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றியே நடக்கிறது.

பந்து நகரும் முன்பே கவரேஜைக் கண்டுபிடித்துவிட முடியுமா?

ஓரளவு முடியும். முதலில் சேஃப்டிகளை எண்ணுவார்கள். நடுவில் ஆழமாக ஒருவர் நின்றால் பெரும்பாலும் கவர் 1 அல்லது கவர் 3. இருவர் பிரிந்து நின்றால் கவர் 2 அல்லது கவர் 4. அடுத்து, ஒரு ரிசீவரை மோஷன் என்ற பெயரில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடவிடுவார்கள். அவருடனேயே ஒரு காவலரும் ஓடி வந்தால் அது மேன் கவரேஜாக இருக்க வாய்ப்பு அதிகம். எவரும் அசையாமல் தங்களுக்குள் கைகாட்டி இடம் மாற்றிக்கொண்டால் ஸோன். விளிம்பில் நிற்கும் காவலரான கார்னர்பேக் எங்கே பார்த்து நிற்கிறார் என்பதும் ஒரு தடயம். உடலைச் சற்று உட்பக்கம் திருப்பிக் குவார்ட்டர்பேக்கைப் பார்த்து நிற்பவர், பெரும்பாலும் இடத்தைக் காப்பவர்.

கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் ஓடி வரும் முன் பேட்ஸ்மேன் களத்தடுப்பாளர்களைச் சுற்றிப் பார்ப்பதைப் போன்றதே இது. ஆனால் கிரிக்கெட்டில் பந்து வீசப்படும் நேரத்தில் களத்தடுப்பாளர் கணிசமாக இடம் மாறுவதற்கு விதி தடை போடுகிறது; இங்கே அப்படி எந்தத் தடையும் இல்லை. இரண்டு சேஃப்டிகள் ஆழத்தில் நிற்பதாகக் காட்டிவிட்டு, ஸ்னாப் ஆன, அதாவது பந்து பின்னால் குவார்ட்டர்பேக்கிடம் தரப்பட்ட கணத்தில் ஒருவர் நடுவுக்கும் மற்றவர் கீழேயும் ஓடிக் கவர் 3 ஆக மாறிவிடலாம். ஆகவே ஸ்னாப்புக்கு முன் தெரிவது ஊகம் மட்டுமே. ஸ்னாப் ஆன முதல் ஒரு நொடியில் சேஃப்டிகள் எந்தத் திசையில் அடியெடுத்து வைக்கிறார்கள் என்பதே அதை உறுதிப்படுத்தும்.

அப்படியானால் பயிற்சியாளர் கவரேஜைப் பார்த்த பிறகுதான் பிளேயைச் சொல்கிறாரா?

பெரும்பாலும் பார்க்கும் முன்பே சொல்லிவிடுகிறார். ஒரு பிளே முடிந்ததும் 40 நொடி கடிகாரம் ஓடத் தொடங்கும். கல்லூரி ஆட்டத்தின் உயர்பிரிவில் 2024-ஆம் ஆண்டுதான் பயிற்சியாளரின் குரலைத் தலைக்கவசத்துக்குள் கேட்கும் வசதி அனுமதிக்கப்பட்டது. அதுவும் கடிகாரத்தில் 15 நொடி மீதமிருக்கும்போது துண்டிக்கப்பட்டுவிடும். தடுக்கும் அணி தன் உண்மை முகத்தைக் காட்டுவது அதற்குப் பின்புதான். அதற்கு முந்தைய ஆண்டுகளில் கை சைகைகளையும் படங்கள் ஒட்டிய பெரிய அட்டைகளையும் கொண்டே செய்தி போய்ச் சேர்ந்தது.

ஆகவே பயிற்சியாளர் இரண்டு வழிகளில் தப்பித்துக்கொள்கிறார். ஒன்று, எதிரணியின் பழைய ஆட்டங்களைப் பார்த்து, எந்த டவுனில் (10 யார்டு முன்னேற ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று) எத்தனை யார்டு தேவைப்படும்போது அவர்கள் எந்தக் கவரேஜை ஆடுகிறார்கள் என்று கணக்கெடுத்து வைத்துக்கொள்வது. மற்றொன்று, ஒரே பிளேக்குள் இரண்டு விடைகளை வைத்துவிடுவது: இடப்பக்கத்து ரிசீவர்கள் மேன் கவரேஜை முறிக்கும் பாதைகளிலும், வலப்பக்கத்தவர்கள் ஸோனை முறிக்கும் பாதைகளிலும் ஓடுவார்கள், எந்தப் பக்கம் பார்ப்பது என்பதைக் குவார்ட்டர்பேக் ஸ்னாப்புக்கு முன் முடிவுசெய்தால் போதும். பல அணிகள் மூன்றாவது வழியையும் கையாளுகின்றன. வேகமாக வரிசையில் நின்று, ஸ்னாப் எடுக்கப்போவதுபோல் நடித்துத் தடுக்கும் அணியை அசையவைத்து, பிறகு பதினொரு பேரும் ஒரே நேரத்தில் பயிற்சியாளர் நிற்கும் பக்கவாட்டுக் கோட்டைத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்போது மாற்றுப் பிளே வரும். பார்ப்பதற்குச் சற்று வேடிக்கையாக இருந்தாலும் 19 அல்லது 20 வயதுக் குவார்ட்டர்பேக்கின் தலையிலிருந்து பெரும் பாரத்தை இறக்கிவைக்கும் உத்தி அது.

பந்தை எறியாமல் ஓடும் ஆட்டத்துக்கும் கவரேஜுக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு உண்டு. லைன்மேன்களுக்கு எதிரே நெருக்கமாக உள்ள பகுதியைப் பாக்ஸ் என்பார்கள். இரண்டு சேஃப்டிகள் ஆழத்தில் நின்றால் பாக்ஸில் பெரும்பாலும் ஆறு பேர்தான் இருப்பார்கள்; ஐந்து லைன்மேன்களும் அவர்களை ஒட்டி நிற்கும் ஒரு டைட் எண்டும் அந்த ஆறு பேரையும் ஆளுக்கொருவராகத் தடுத்துவிடலாம். ஒரு சேஃப்டி கீழே இறங்கினால் ஏழாவது ஆள் வந்துவிடுகிறார்; அவரைத் தடுக்க எவரும் மிஞ்சுவதில்லை. கல்லூரி அணிகள் குவார்ட்டர்பேக்கையே ஓடவிடுவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. பந்தை வைத்திருப்பவர் வெறுமனே அதைக் கைமாற்றிவிட்டு நிற்பவராக இல்லாமல் தானே ஓடக்கூடியவராக இருந்தால், கணக்கில் ஓர் ஆள் தாக்கும் அணிக்குக் கூடுகிறது.

ஒவ்வொரு கவரேஜுக்கும் எதிராக எத்தகைய பிளேகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

கவர் 3-ஐ முறிக்க நாடப்படுவது ஃபோர் வெர்ட்டிகல்ஸ். நான்கு ரிசீவர்கள் நேராக ஆழத்துக்கு ஓடுகிறார்கள். அங்கே நிற்பவர்களோ மூவர். நடுச் சேஃப்டிக்கு இருபுறமும் இரண்டு ரிசீவர்கள் வருவதால், அவர் எவரை நோக்கிச் சாய்கிறாரோ அவருக்கு எதிர்ப்பக்கத்தவருக்குப் பந்து போகும். கவர் 2-இல் கார்னர்பேக் தாழ்வான பகுதியைக் காக்கிறார், சேஃப்டி ஆழத்தைக் காக்கிறார். இருவருக்கும் இடையே பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி ஒரு பொந்து உண்டு. ஸ்மாஷ் என்ற பிளேயில் வெளி ரிசீவர் ஐந்தாறு யார்டில் நின்றுவிட, உள் ரிசீவர் அந்தப் பொந்தை நோக்கி மூலைக்கு ஓடுவார். கார்னர்பேக் நின்றால் மூலை திறக்கும், பின்வாங்கினால் நின்றவர் தனியாக இருப்பார். ஒரே ஒரு காவலரை இரண்டுங்கெட்டான் நிலையில் மாட்டவைப்பதுதான் இதன் உயிர்.

குவார்ட்டர்ஸ் கவரேஜுக்கு எதிரான தந்திரம் சற்று நுட்பமானது. அதில் சேஃப்டிகள் உள் ரிசீவரைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். அவர் எவரையாவது தடுக்கப் போனால் ஓடும் ஆட்டம் என்று புரிந்துகொண்டு இறங்கி வந்துவிடுவார்கள். ஸ்டீவ் ஸ்பரியர் புளோரிடா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்தபோது ஆடிய, அவருடைய ரிசீவர் எர்னி மில்ஸின் பெயரால் இன்றும் மில்ஸ் என்றே அழைக்கப்படும் பிளேயில், உள் ரிசீவர் ஏறத்தாழ 12 முதல் 15 யார்டு ஓடிக் குறுக்கே திரும்புகிறார். அதைக் கண்டு சேஃப்டி முன்னால் பாய்ந்தால், வெளி ரிசீவர் அவருடைய முதுகுக்குப் பின்னால் கோல் கம்பங்களை நோக்கி ஓடியிருப்பார். கவனமான சேஃப்டியைத்தான் இந்தப் பிளே அதிகம் ஏமாற்றுகிறது. சோம்பேறி அங்கேயே நின்றிருப்பார்.

மேன் கவரேஜுக்கு மெஷ்: இரண்டு ரிசீவர்கள் எதிரெதிர்த் திசையில் உரசிக்கொள்ளும் அளவு நெருக்கமாகக் குறுக்கே ஓடும்போது, பின்தொடரும் காவலர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வார்கள். கவர் 0 வந்தால் நேரமே இருக்காது. எதிர்பாராமல் பாய்ந்து வருபவர் விட்டுவந்த இடத்துக்கே உடனடியாகப் பந்தை எறிய வேண்டும்.

ஓர் உண்மையான பிளேயைக் கொண்டு இதை விளக்க முடியுமா?

2018 ஜனவரி 8 அன்று அட்லாண்டாவில் நடந்த தேசிய சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டத்தின் கடைசிப் பிளேயை எடுத்துக்கொள்ளலாம். கூடுதல் நேரத்தில் ஜார்ஜியா 23–20 என்று முன்னிலையில் இருந்தது. கூடுதல் நேரத்தில் ஆட்டம் 25 யார்டு கோட்டில் தொடங்கும். அலபாமாவின் முதலாண்டுக் குவார்ட்டர்பேக் டுவா டாகவைலோவா முதல் பிளேயிலேயே சேக் ஆகி, அதாவது பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்டு, 16 யார்டுகளை இழந்தார். 41 யார்டு கோட்டில் இரண்டாவது டவுன், தேவை 26 யார்டு.

இத்தகைய நிலையில் ஜார்ஜியா இரண்டு சேஃப்டிகளை ஆழத்தில் நிறுத்திக் கவர் 2 ஆடியது நியாயமான தேர்வே. அலபாமா அழைத்ததோ ஃபோர் வெர்ட்டிகல்ஸ். இரண்டு சேஃப்டிகள், ஆழத்துக்கு ஓடும் நான்கு ரிசீவர்கள். ஸ்னாப் ஆனதும் டாகவைலோவா இடப்பக்கம் பார்க்கவில்லை. பார்வையை வேறு பக்கம் வைத்தே இடப்பக்கச் சேஃப்டியைக் கோட்டருகே போகவிடாமல் ஓரிரு கணம் பிடித்துவைத்தார். அதற்குள் இடப்பக்க விளிம்பில் கார்னர்பேக்கைக் கடந்து ஓடிய டெவோன்டா ஸ்மித், கார்னர்பேக்குக்கும் சேஃப்டிக்கும் இடையிலான அதே பொந்தில் தனியாக இருந்தார். திரும்பி எறிந்த பந்து 41 யார்டு டச்டவுன் (கோல் கோட்டைக் கடந்து எடுக்கும் ஆறு புள்ளி) ஆனது; அலபாமா 26–23 என்று வென்றது. பயிற்சியாளரின் அழைப்பு பாதி வேலையைச் செய்தது. மீதிப் பாதியைச் செய்தது ஒரு பத்தொன்பது வயது இளைஞரின் கண்.

தொழில்முறை ஆட்டமான என்.எஃப்.எல்-இலிருந்து கல்லூரி ஆட்டம் இதில் எவ்வாறு மாறுபடுகிறது?

விதிகளாலேயே மாறுபடுகிறது. பந்து வைக்கப்படும் இடத்தின் எல்லையைக் காட்டும் ஹாஷ் கோடுகள் என்.எஃப்.எல்-இல் 18 அடி 6 அங்குல இடைவெளியிலும், கல்லூரியில் 40 அடி இடைவெளியிலும் உள்ளன. ஒரு ஹாஷில் பந்து இருந்தால் குறுகிய பக்கத்தில் 60 அடி, அகன்ற பக்கத்தில் 100 அடி. அந்த நூறு அடியைக் காப்பது தடுக்கும் அணிக்குத் தீராத தலைவலி. கவரேஜையே அவர்கள் அகன்ற பக்கம், குறுகிய பக்கம் என்று பிரித்து அமைப்பதும், தாக்கும் அணி தன் மூன்று ரிசீவர்களை அகன்ற பக்கத்தில் நிறுத்துவதும் இதனால்தான்.

லைன்மேன்கள், பந்து எறியப்படும் முன் கல்லூரியில் மூன்று யார்டு வரை முன்னேறலாம், என்.எஃப்.எல்-இல் ஒரு யார்டுதான். ஓடவும் எறியவும் வாய்ப்புள்ள ஆர்.பி.ஓ பிளேகள் கல்லூரியில் செழித்ததற்கு இந்த இரண்டு யார்டு ஒரு முக்கியக் காரணம். ஆழமான பாஸில் ரிசீவரைப் பிடித்து இழுத்தால் என்.எஃப்.எல்-இல் தவறு நடந்த இடத்துக்கே பந்து போகும். கல்லூரியில் தண்டனை 15 யார்டைத் தாண்டாது. 40 யார்டு தொலைவில் தோற்றுவிட்ட கார்னர்பேக் ரிசீவரைப் பிடித்து இழுப்பது கல்லூரியில் மோசமான பேரம் அல்ல. இதை மாற்றவேண்டும் என்பது என் கருத்து, ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது.

ஆர்.பி.ஓ கவரேஜை எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறது?

லைன்மேன்கள் அனைவரும் ஓடும் ஆட்டத்துக்கே தடுக்கிறார்கள். குவார்ட்டர்பேக் ஒரே ஒரு காவலரைப் பார்க்கிறார். பெரும்பாலும் அவர் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கராகவோ இறங்கி வரும் சேஃப்டியாகவோ இருப்பார். அவர் ஓட்டக்காரரை நோக்கி வந்தால் அவர் விட்டுவந்த இடத்துக்கு எறியவேண்டும்; வராவிட்டால் பந்தை ஓட்டக்காரரிடம் கொடுத்துவிடவேண்டும். ஸோன் கவரேஜில் இரட்டைக் கடமை உள்ள காவலரைத்தான் இது குறிவைக்கிறது. அதனால்தான் ஆர்.பி.ஓ-வில் தேர்ந்த அணிகளுக்கு எதிராகப் பலர் மேன் கவரேஜுக்கு மாறுகிறார்கள். அப்போது குவார்ட்டர்பேக் பார்ப்பதற்கு அந்த இரட்டைக் கடமைக் காவலர் இல்லாமல்போகிறார். ஆனால் முதுகைக் காட்டி ரிசீவர்களைத் துரத்தும் காவலர்களுக்கு நடுவே குவார்ட்டர்பேக் ஓட வழி திறக்கிறது.

கவரேஜை மாற்றியே ஓர் அணியின் தாக்குதலை அடக்கிவிட முடியுமா?

2020-ஆம் ஆண்டின் மூன்று வாரங்கள் இதற்குச் சான்று. ஏர் ரெய்டு என்ற பாஸ் ஆட்டமுறையை ஹால் மம்மியுடன் சேர்ந்து உருவாக்கிய மைக் லீச், அந்த ஆண்டு மிசிசிப்பி ஸ்டேட் அணிக்கு வந்தார். செப்டம்பர் 26 அன்று முதல் ஆட்டம், எதிரே முந்தைய பருவத்தின் தேசிய சாம்பியனான லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் (எல்.எஸ்.யு). அந்த அணி பெரும்பாலும் மேன் கவரேஜையே நம்பியது. அதன் மிகச் சிறந்த கார்னர்பேக் உடல்நலக் குறைவால் ஆடவில்லை. லீச்சின் குவார்ட்டர்பேக் கே.ஜே. காஸ்டெல்லோ 623 யார்டு எறிந்து எஸ்.இ.சி. என்ற அணிக்கூட்டமைப்பின் சாதனையைப் படைத்தார், 44–34 வெற்றி. பந்தைக் கையில் வாங்கி ஓடும் ரன்னிங்பேக்குக்கு லைன்பேக்கரைத் தனிக்காவல் போட்டால் என்ன ஆகும் என்பதை அன்று அந்த இடத்தில் ஆடிய கைலின் ஹில் காட்டினார்.

அடுத்த வாரம் ஆர்கன்சா மூன்றே பேரைப் பாயவிட்டு எட்டுப் பேரைக் காவலுக்கு நிறுத்தியது. ஐவருக்கு எட்டுப் பேர். அனைவரின் கண்ணும் குவார்ட்டர்பேக்கின் மேல். முன்வாரம் திறந்திருந்த ஆழமெல்லாம் மூடிக்கொண்டது. குறுகிய பாஸ்கள் நிறையக் கிடைத்தன, ஆனால் புள்ளிகள் வரவில்லை. எதிரணி பறித்துக்கொண்ட பாஸ்களான இன்டர்செப்ஷன்கள் மூன்று, 21–14 தோல்வி. அதற்கடுத்த வாரம் கென்டக்கி ஆறு இன்டர்செப்ஷன்கள் எடுத்து 24–2 என்று வென்றது. அந்த 2 புள்ளிகளும் தாக்கும் அணி எடுத்தவை அல்ல.

எட்டுப் பேர் பின்வாங்கினால் பாக்ஸ் காலியாகிறது. கணக்குப்படி பந்தை ஓடவிடவேண்டும். ஆனால் லீச்சின் முறையில் ஓடும் ஆட்டம் மிகக் குறைவு, பயிற்சி நேரமும் அதற்கேற்பவே ஒதுக்கப்பட்டிருந்தது. கவரேஜ் திறந்துவிடும் கதவின் வழியே போகும் பழக்கம் அணிக்கு இல்லையென்றால் கதவு திறந்திருந்தும் பயனில்லை. பிளே தேர்வைக் குறை சொல்லும் பலர் இதைக் கவனிப்பதில்லை: சனிக்கிழமை அழைக்கக்கூடிய பிளேகள் செவ்வாய், புதன் கிழமைப் பயிற்சியிலேயே முடிவாகிவிடுகின்றன.

நல்ல ரிசீவர் இருந்தால் கவரேஜ் கணக்கெல்லாம் தேவையில்லையா?

ஆழமான உதவி இல்லாமல் ஒரு ரிசீவரை ஒரே காவலர் காக்கும்போது தேவை குறைகிறது. 2020 ஜனவரி 13 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த தேசிய சாம்பியன் பட்ட ஆட்டத்தில் கிளெம்சன் அணி, கூடுதல் ஆட்களைக் குவார்ட்டர்பேக் மேல் பாயவிடும் பல வகைப் பிளிட்ஸ்களால் எல்.எஸ்.யு-வைத் தொடக்கத்தில் திணறடித்தது. பிளிட்ஸுக்கு ஆள் அனுப்பினால் விளிம்பில் கார்னர்பேக் தனியாகிறார் என்பதே அதற்கான விலை. எல்.எஸ்.யு-வின் குவார்ட்டர்பேக் ஜோ பரோ அந்தத் தனிமையைப் பார்த்துப் பார்த்து எறிந்தார். ரிசீவர் ஜமார் சேஸ் 221 யார்டு, இரண்டு டச்டவுன் எடுத்தார். எல்.எஸ்.யு. 42–25 என்று வென்றது.

கவரேஜைத் தாங்களே தீர்மானிக்கும் தாக்குதல் முறை உண்டா?

டென்னசியின் முறையை அப்படிச் சொல்லலாம். பயிற்சியாளர் ஜாஷ் ஹைப்பலின் அணி ரிசீவர்களைப் பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி மிக அகலமாக நிறுத்துகிறது. அவ்வளவு தூரம் விரியும்போது காவலர்களும் விரிந்தாகவேண்டும். மறைத்து நிற்க இடமில்லை, ஒருவருக்கொருவர் உதவ முடிவதில்லை, பாக்ஸில் எத்தனை பேர் என்பது கண்ணாடிபோல் தெரிந்துவிடுகிறது. ஆட்களை மாற்றாமல் வேகமாக ஆடுவதால் தடுக்கும் அணிக்கும் ஆள் மாற்ற நேரம் கிடைப்பதில்லை. 2022 அக்டோபர் 15 அன்று அலபாமாவை 52–49 என்று வென்றபோது, உள்ளே நின்ற ஜேலின் ஹையட் ஐந்து டச்டவுன் பாஸ்களைப் பிடித்தார். சேஃப்டிகளால் அவர் வேகத்தைத் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. மூன்று வாரங்களில் ஜார்ஜியா அதே அணியை 27–13 என்று அடக்கியது. ரிசீவர்களைத் தொடக்கத்திலேயே உடலால் தடுத்துத் தாமதப்படுத்தியதும், அந்தத் தாமதத்துக்குள் குவார்ட்டர்பேக்கைச் சென்றடைந்ததும்தான் அதன் விடை.

தடுக்கும் அணிகள் புதிதாக என்ன செய்கின்றன?

அயோவா ஸ்டேட் அணியில் தடுப்பாட்டப் பயிற்சியாளர் ஜான் ஹீகாக் 2017-இல் மூன்று சேஃப்டிகளை ஆழத்தில் நிறுத்தத் தொடங்கினார். அந்த அக்டோபரில் மூன்றாம் தரவரிசையில் இருந்த ஓக்லஹோமாவை அதன் மைதானத்திலேயே 38–31 என்று அவர்கள் வென்ற பிறகு, அம்முறை நாடெங்கும் பரவியது. நடுச் சேஃப்டி ஓடும் ஆட்டத்துக்கும் இறங்கலாம், ஆழத்திலும் நிற்கலாம். ஆகவே சேஃப்டிகளை எண்ணிக் கவரேஜைக் கண்டுபிடிக்கும் பழைய வழி குழம்பிப்போனது. இடத்தைக் காக்கத் தொடங்கி, ரிசீவரின் பாதை தெரிந்ததும் ஆளைக் காக்க மாறும் மேட்ச் கவரேஜும் பரவலாகிவிட்டது. அலபாமாவில் 2023 பருவம் வரை பயிற்சியாளராக இருந்த நிக் சேபன் இதற்குப் பெயர்பெற்றவர். மெஷ்ஷும் ஃபோர் வெர்ட்டிகல்ஸும் முன்போல் எளிதில் பலிக்காததற்கு இது ஒரு காரணம்.

கோல் கோட்டை நெருங்கும்போது ஏன் எல்லாம் மாறிவிடுகிறது?

ஆழம் இல்லாமல்போவதால். எதிரணியின் 8 யார்டு கோட்டில் பந்து இருந்தால், கோல் கோட்டுக்குப் பின்னுள்ள 10 யார்டு எண்டு ஸோனையும் சேர்த்து மொத்தம் 18 யார்டுதான். சேஃப்டிகளுக்குப் பின்னால் காக்க ஒன்றுமில்லை. எல்லாரும் முன்னால் நெருங்கிவிடுவார்கள். ஆகவே உயரமான ரிசீவருக்குத் தூக்கி எறிவதும், குவார்ட்டர்பேக் ஓட்டமும், குறுக்கே ஓடிக் காவலர்களைச் சிக்கவைக்கும் பாதைகளும் முன்னுக்கு வருகின்றன.

தொலைக்காட்சியில் பார்ப்பவர் எதைக் கவனிக்கலாம்?

ஒளிபரப்பின் வழக்கமான கோணத்தில் சேஃப்டிகள் பல நேரம் திரைக்கு வெளியே நிற்பார்கள். இது பெரிய குறைதான். அவர்கள் தெரியாதபோது பாக்ஸை எண்ணுங்கள்: ஆறு என்றால் பெரும்பாலும் இருவர் ஆழத்தில், ஏழு என்றால் ஒருவர். மோஷன் ஓடும் ரிசீவரைவிட அவருக்கு எதிரே நிற்பவரின் கால்களைப் பாருங்கள். பிளே முடிந்த பிறகு எண்டு ஸோன் பக்கமிருந்து மறுகாட்சி காட்டினால், பந்து போன இடத்தை விட்டுவிட்டு, குவார்ட்டர்பேக் முதலில் எந்தக் காவலரைப் பார்த்தார், அந்தக் காவலர் எந்தப் பக்கம் அடியெடுத்து வைத்தார் என்பதைப் பாருங்கள்.